கருங்கண்ணி முதல் சுவின் வரை: பருத்தி ரகங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"இந்தத் தடவை என்ன ரகம் போடலாம்?" ஆடி பிறந்துவிட்டால் போதும், கோவில்பட்டி பக்கத்துச் சொந்தக்காரர்கள் தொடங்கி, ஊருக்குத் திரும்பி வந்து விவசாயத்தில் இறங்கிய தம்பிமார் வரை இதைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று விஷயம் கேட்டுக்கொள்வேன். மண் எது? தண்ணீர் எத்தனை மாதம் வரும்? எடுத்த பருத்தியை யாரிடம் போடப் போகிறீர்கள்? இது தெரியாமல் ரகத்தின் பெயரைச் சொன்னால் அளவெடுக்காமல் சட்டை தைத்த கதைதான். அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பருத்தியில் மொத்தம் எத்தனை இனம்?

பயிராகும் இனங்கள் நான்கு. ஆர்போரியம், ஹெர்பேசியம் இரண்டும் நம் பழைய உலகத்து, அதாவது ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்திகள். நாட்டுப் பருத்தி என்று நாம் சொல்வது இவற்றைத்தான். ஹிர்சூட்டம், பார்படென்ஸ் இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. நாட்டு இனங்களுக்குக் குரோமோசோம் 26, அமெரிக்க இனங்களுக்கு 52. அதனால்தான் நாட்டுப் பருத்தியும் அமெரிக்கப் பருத்தியும் பக்கத்துப் பக்கத்து வயலில் நின்றாலும் எளிதில் கலப்பதில்லை.

இந்த நான்கு இனத்தையும் வணிகமாகப் பயிரிடும் ஒரே நாடு இந்தியா. தமிழ்நாட்டு வயல்களிலேயே நான்கும் நின்றிருக்கின்றன: ஆர்போரியத்துக்குக் கருங்கண்ணி, ஹெர்பேசியத்துக்கு உப்பம், ஹிர்சூட்டத்துக்கு எம்.சி.யு. 5, பார்படென்ஸுக்குச் சுவின். எனக்கு இதில் ரொம்பப் பெருமை.

பூவைப் பார்த்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கருங்கண்ணிப் பூ மஞ்சள், இதழின் அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. ஹிர்சூட்டம் காலையில் வெள்ளையும் சந்தனமும் கலந்த நிறத்தில் மலர்ந்து, மறுநாள் ரோஸ் நிறமாகிவிடும். ஒரே செடியில் இரண்டு நிறப் பூவைப் பார்த்துவிட்டு விதையில் கலப்படம் என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. அது கலப்படம் இல்லை, நேற்றைய பூவும் இன்றைய பூவும்.

கருங்கண்ணியை இன்னமும் யாராவது போடுகிறார்களா?

போடுகிறார்கள், ஆனால் குறைவு. தூத்துக்குடி, விருதுநகர் கரிசல் காட்டில் ஒரு காலத்தில் இதுதான் பருத்தி. கருங்கண்ணியும் உப்பமும் கலந்து தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, லிவர்பூல் சந்தையில் 'டின்னவெல்லி' என்ற பெயரிலேயே விலை போயிருக்கிறது. திருநெல்வேலிச் சீமையின் பெயர் அங்கே ஒரு பஞ்சு ரகத்தின் பெயராக இருந்தது. கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை 1901-இல் தொடங்கப்பட்டது. கே 1-இல் ஆரம்பித்துத் தேர்ந்தெடுத்த கருங்கண்ணி ரகங்கள் அங்கிருந்துதான் வந்தன.

இதன் பலம் வேரில் இருக்கிறது. ஆணிவேர் கரிசலுக்குள் ஆழமாக இறங்கிவிடும். கரிசல் மண் மழைநீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்; மேல்மண் கையை விடுகிற அளவு வெடித்துக் கிடக்கும் மாசி மாதத்திலும் அடியில் ஈரம் இருக்கும். ஹிர்சூட்டம் வாடித் தொங்கும் நேரத்தில் கருங்கண்ணி அந்த அடி ஈரத்தில் நிமிர்ந்து நிற்கும். தத்துப்பூச்சி, அசுவினி மாதிரியான சாறு உறிஞ்சும் பூச்சிகளும் அவ்வளவு சுலபத்தில் இதை மடக்க முடியாது. மருந்துச் செலவு மிகக் குறைவு.

பலவீனத்தையும் சொல்ல வேண்டும். காய் சிறிது, ஒரு காயில் 2 முதல் 2½ கிராம் பருத்தி கிடைத்தால் சரி. ஹிர்சூட்டம் காய் அதைப் போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. காய் சிறியதாக இருந்தால் ஒரு கிலோ எடுக்க கை எத்தனை தடவை போய் வர வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். எடுப்புக் கூலிதான் இந்தப் பருத்தியைக் காட்டிலிருந்து விரட்டியது என்று நான் நினைக்கிறேன், பூச்சியும் இல்லை, மழையும் இல்லை. இன்னொன்று, காய் வெடித்தபின் பருத்தி காயில் இறுக்கிப் பிடித்து நிற்காது. காற்றடித்தால் கீழே விழுந்து மண்ணும் சருகும் ஒட்டிவிடும். இழையோ நீளம் குறைவு, 22 முதல் 25 மி.மீ. கொஞ்சம் முரடு.

அமெரிக்கப் பருத்தி நம் ஊருக்கு எப்படி வந்தது? எம்.சி.யு. என்றால் என்ன?

முதல் முயற்சி தோற்றது. 1840-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கப் பருத்தியைக் கோயம்புத்தூர்ப் பக்கம் பயிர் செய்து பார்த்தது. தாவரவியல் அறிஞர் ராபர்ட் வைட் அதை 10 வருடத்துக்கு மேல் மேற்பார்த்தார். அந்தப் பயிர் நம் குடியானவர் காட்டில் நிலைக்கவில்லை.

1900-களின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து வந்த ஹிர்சூட்டம் விதை நம் மண்ணைப் பிடித்துக்கொண்டது. ஊரில் அதன் பெயரே கம்போடியாப் பருத்தி. கிணற்றுப் பாசனம் உள்ள கோவை வட்டாரத்துக்கு அது அப்படியே பொருந்தியது. பிறகு அதோடு ஆப்பிரிக்காவின் உகாண்டா பருத்தியைக் கலந்தார்கள். மெட்ராஸ் கம்போடியா உகாண்டா, அதுதான் எம்.சி.யு. 1968-இல் கோவையில் வெளியான எம்.சி.யு. 5 அந்த வரிசையில் பெரிய பெயர் வாங்கியது. 165 நாள் பயிர், 30 மி.மீ-க்கு மேல் இழை, 60-ஆம் நம்பர் என்கிற மெல்லிய நூல் தாராளமாக நூற்கலாம். வாடல் நோய் தாங்கும்படி எடுத்த எம்.சி.யு. 5 வி.டி., அதிலிருந்து வந்த சுரபி என்று அதன் பிள்ளைகளும் உண்டு.

ரகப் பெயர்களுக்குள் இப்படித்தான் வம்சாவளி இருக்கும். எல்.ஆர்.ஏ. 5166-இல் உள்ள மூன்று எழுத்தும் லட்சுமி, ரெபா பி 50, ஏ.சி. 122 என்ற மூன்று பெற்றோரின் முதலெழுத்து. எஸ்.வி.பி.ஆர். என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்.

இழை நீளம் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

மில்லில் இயந்திரம் பார்க்கும். ஆனால் பழைய வியாபாரிகள் கையால் பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

தாட்டு என்கிற பெரிய சாக்கு மூட்டையிலிருந்து ஒரு பிடி பஞ்சு எடுப்பார். இரண்டு கை கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகப் பிரிப்பார். ஒரு பாதியைக் கீழே போட்டுவிட்டு, மறுபாதியின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழையை மட்டும் சிறிது சிறிதாக உருவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார். ஏழெட்டுத் தடவை செய்ததும் பஞ்சு சீப்பால் வாரிய மாதிரி ஒரே திசையில் படிந்து நிற்கும். அதைக் கறுப்புத் துணியின் மேல் வைத்து ஓரங்களைத் தட்டிச் சீராக்கி, விரல் நகத்தால் அளந்து '29' என்பார். பிறகு காதோரம் கொண்டுபோய் அந்தக் கற்றையை வெடுக்கென்று இழுத்து அறுப்பார். 'டக்' என்று சத்தம் வந்தால் இழையில் பலம் உண்டு. சத்தமே இல்லாமல் பிரிந்தால் விலையும் இறங்கிவிடும்.

நம் நாட்டில் நீளத்தை இப்படிப் பிரிக்கிறார்கள்: 20 மி.மீ. வரை குட்டை இழை. 20.5 முதல் 24.5 வரை நடுத்தரம். 25 முதல் 27 வரை நடுத்தர நீளம். 27.5 முதல் 32 வரை நீண்ட இழை. 32.5-ஐத் தாண்டினால் மிக நீண்ட இழை. நீளம் கூடக் கூட மெல்லிய நூல் நூற்கலாம். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் உள்ள சிட்டம் எத்தனை கிடைக்கிறது என்ற கணக்கு; நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு.

மைக்ரோனேர் என்று ஒரு எண் சொல்லி விலையைக் குறைக்கிறார்கள். அது என்ன?

ஒரே எடைப் பஞ்சை ஒரு குழலில் அடைத்து அதன் வழியாகக் காற்றைச் செலுத்துவார்கள். இழை மெல்லியதாக இருந்தால் காற்று புக முடியாமல் திணறும், எண் குறையும். முரட்டு இழை என்றால் காற்று சுலபமாகப் போகும், எண் ஏறும். ஹிர்சூட்டத்துக்கு 3.5 முதல் 4.9 வரை ஏற்கத்தக்கது, 3.7 முதல் 4.2 வரை இருந்தால் மில்லுக்குப் பிடிக்கும்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. எண் குறைவு என்றால் இழை இயல்பாகவே மெல்லியதாகவும் இருக்கலாம், முதிராத இழையாகவும் இருக்கலாம். முதிராத இழை சாயம் பிடிக்காது. துணியில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும், நூற்கும்போது முடிச்சு முடிச்சாகச் சுருளும். அதனால்தான் 3.5-க்குக் கீழே போனால் விலையில் கை வைக்கிறார்கள்.

அரசின் குறைந்தபட்ச ஆதார விலையிலும் இந்த எண்கள் உண்டு. 2025-26 பருவத்தில் நடுத்தர இழைக்குக் குவிண்டாலுக்கு 7,710 ரூபாய். நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். நீண்ட இழை என்பதற்கு அங்கே 29.5 முதல் 30.5 மி.மீ. நீளமும் 3.5 முதல் 4.3 மைக்ரோனேரும் வைத்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் நீளமான இழைதான் உயர்ந்தது, குட்டை இழை மட்டமா?

இல்லவே இல்லை. வேலைக்கு ஏற்ற இழை என்றுதான் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் காயத்துக்கு வைக்கும் பஞ்சுக்கு நாட்டுப் பருத்தியின் குட்டையான, முரட்டு இழை நன்றாகப் பொருந்தும். அமுக்கினாலும் துவண்டு போகாமல் எழும்பி நிற்கும். மெத்தைக்கும் அதுதான். ஜீன்ஸ் துணிக்கு நடுத்தர இழை தாராளம்.

உலகமே வியந்த டாக்கா மஸ்லின் ஆர்போரியம் இனத்துப் பருத்தியில் நெய்தது, கருங்கண்ணிக்குச் சொந்தக்காரப் பருத்தியில். அந்த மெல்லிய நூலை எந்த மில்லும் நூற்கவில்லை, ஈரக்காற்றில் உட்கார்ந்து பெண்கள் கையால் நூற்றார்கள். இயந்திரம் வந்தபின்தான் நீளம் மட்டுமே பேச்சானது. இயந்திரத்தின் வேகத்துக்கும் இழுப்புக்கும் குட்டை இழை தாங்காது. நாட்டுப் பருத்தியை மட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

சுவின் பருத்திக்கு ஏன் அவ்வளவு விலை?

1974-இல் கோவையில் உருவான ரகம். சுஜாதா என்ற நம் பார்படென்ஸ் ரகத்தையும், மேற்கிந்தியத் தீவான செயின்ட் வின்சென்டின் கடல்தீவுப் பருத்தியையும் கலந்தார்கள். சுஜாதாவின் 'சு', வின்சென்டின் 'வின்'. இழை 38 மி.மீ-க்குக் குறையாது, 100, 120-ஆம் நம்பர் நூல் இதில் சர்வசாதாரணம். பட்டு மாதிரி பளபளப்பு. எகிப்துப் பருத்தி, பிமா என்று கடைகளில் சொல்கிறார்களே, அவையும் இதே பார்படென்ஸ் இனம்தான்.

ஆனால் வளர்ப்பது சுலபமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும். செடி உயரமாகப் பரவும், 90-க்கு 45 செ.மீ. இடம் கேட்கும். காய் சிறிது, பூச்சி அதிகம். 100 கிலோ பருத்தியை அரைத்தால், அதாவது கொட்டையைப் பிரித்தால், பஞ்சு 30 கிலோதான் நிற்கும். சேலம் மாவட்டம் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயிகள் பொறுமையாக இதைக் காப்பாற்றி வந்தார்கள். வாங்குபவரைக் கையில் வைத்துக்கொள்ளாமல் சுவினில் இறங்காதீர்கள். சந்தையில் சாதாரணப் பருத்தியோடு கலந்து எடை போட்டால் ஆறு மாத உழைப்பு போச்சு.

ரகம், ஹைபிரிட், பி.டி. மூன்றும் ஒன்றா?

மூன்றும் வேறு. இந்தக் குழப்பத்தால் பணம் இழந்தவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ரகம் என்றால் அதன் விதையைப் போட்டால் அதே மாதிரி செடி வரும். எம்.சி.யு. 5, எல்.ஆர்.ஏ. 5166, சுவின் எல்லாம் ரகங்கள். விதை எடுத்து வைத்து மறுவருடம் போடலாம்.

ஹைபிரிட் என்பது வீரிய ஒட்டு. இரண்டு வெவ்வேறு பெற்றோரைக் கலந்த முதல் தலைமுறை விதை. வணிக அளவில் உலகிலேயே முதல் பருத்தி ஹைபிரிட் 1970-இல் குஜராத்தின் சூரத்தில் வந்த எச் 4. இரண்டு வருடம் கழித்துக் கர்நாடகத்தில் வரலட்சுமி வந்தது. ஹிர்சூட்டத்தையும் பார்படென்ஸையும் கலந்தது. நம் கோவையின் டி.சி.எச்.பி. 213-உம் அதே வகைக் கலப்பு. இந்த விதை உற்பத்தி முழுக்கக் கைவேலை. சாயங்காலம் நாளைக்கு மலரப்போகும் மொட்டு ஒவ்வொன்றிலும் ஆண் பாகத்தை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டு அடையாளம் வைப்பார்கள். மறுநாள் காலையில் ஆண் செடியின் பூவைப் பறித்து வந்து அந்த மொட்டின் சூல்முடியில் தடவுவார்கள். சேலம், தருமபுரிப் பக்கம் பெண்கள் செய்யும் வேலை இது. விதைப் பாக்கெட் ஏன் விலை அதிகம் என்று கேட்பவர்களுக்கு இதுவே பாதி பதில். இதிலிருந்து விதை எடுத்து மறுவருடம் போட்டால் ஒரு செடி உயரம், ஒரு செடி குட்டை என்று பிரிந்துவிடும்.

பி.டி. என்பது ரகமும் இல்லை, ஹைபிரிட்டும் இல்லை. அது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சேர்த்த மரபணு. காய்ப்புழு அதைத் தின்றால் சாகும். 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது, இரண்டு மரபணு உள்ளது 2006-இல் வந்தது. நம் நாட்டில் இதை ஹைபிரிட்டுகளில் சேர்த்தே விற்றார்கள். அதனால்தான் 'பி.டி. என்றாலே வருடா வருடம் விதை வாங்க வேண்டும்' என்றாகிவிட்டது.

பி.டி. போட்டால் இழை நீளும் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். இழையின் குணம் அந்த ஹைபிரிட்டின் பெற்றோரிடமிருந்து வருவது. தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சிக்கு பி.டி. ஒன்றும் செய்யாது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் இப்போது இதைத் தாங்கப் பழகிவிட்டது. பூ விரியாமல் ரோஜா மொட்டு மாதிரி சுருண்டு நின்றால் பிரித்துப் பாருங்கள், உள்ளே புழு இருக்கும்.

என் நிலத்துக்கு எதைப் போடலாம்?

மழையை மட்டும் நம்பும் மானாவாரிக் கரிசல், புரட்டாசி-ஐப்பசி விதைப்பு என்றால் கருங்கண்ணி ரகங்கள், அல்லது ஹிர்சூட்டத்தில் கோவில்பட்டியின் கே.சி. வரிசை, எல்.ஆர்.ஏ. 5166. 45-க்கு 15 செ.மீ. இடைவெளி போதும்.

ஆடி-ஆவணியில் இறவை, அதாவது பாசனப் பயிர், தைக்கு அப்புறமும் தண்ணீர் உண்டு என்றால் எம்.சி.யு. 5, சுரபி மாதிரி நீண்ட இழை ரகம். மாசிப் பட்ட இறவைக்கு எஸ்.வி.பி.ஆர். வரிசை. டெல்டாவில் சம்பா அறுத்த வயலில், தை-மாசியில் உளுந்துக்குப் பதிலாகப் பருத்தி என்றால் 130, 135 நாளில் முடியும் எம்.சி.யு. 7 மாதிரியான குறுகிய காலப் பயிர்தான் சரி. நெல் தரிசில் 160 நாள் ரகத்தைப் போட்டுவிட்டுக் கோடை மழையில் வெடித்த காயெல்லாம் நனைவதைப் பார்ப்பது பெரிய வேதனை.

பெரம்பலூர்ப் பக்கம் மானாவாரி என்றால் வேப்பந்தட்டை பருத்தி ஆராய்ச்சி நிலையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். அந்த மண்ணை அவர்கள் அறிந்த அளவு நான் அறியேன்.

நெருக்கி நடும் முறைக்கு எல்லா ரகமும் ஆகுமா?

ஆகாது. பக்கக் கிளை பரப்பும் செடியை நெருக்கினால் காற்றோட்டம் இல்லாமல் சப்பை, அதாவது மொட்டு, கொட்டும். கோவையின் கோ 17 மாதிரி, பக்கவாட்டில் படராமல் நிமிர்ந்து, தண்டை ஒட்டியே காய் பிடிக்கும் குட்டை ரகம் வேண்டும். காயெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெடிப்பதால் இரண்டு மூன்று எடுப்பில் முடிந்துவிடும்.

பக்கத்து வயலிலும் அதே ரகம்தான். அவருக்கு நல்ல விலை, எனக்கு மட்டும் குறைவு. ஏன்?

ஒவ்வொரு இழையும் விதைத் தோலிலிருந்து நீளும் ஒரே ஒரு செல். பூத்ததிலிருந்து 20, 25 நாள் வரை அது நீளத்தில் வளரும். அப்புறம் 45, 50 நாள் வரை உள்பக்கம் சுவர் தடித்துக்கொண்டே வரும். பூத்து 20 நாளான காயைக் கத்தியால் பிளந்து பாருங்கள். உள்ளே ஈரமான வெள்ளை நாராகச் சுருண்டிருக்கும், இழுத்தால் வழுக்கும். அந்தச் சமயத்தில் செடி தண்ணீருக்குத் தவித்தால் நீளம் குறையும். பிந்திய பாதியில் தவித்தால் நீளம் இருக்கும், ஆனால் இழை முதிராமல் போகும்.

எடுப்பும் முக்கியம். காலை 10, 11 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். பனி ஈரம் இருக்கும்வரை காயைச் சுற்றியுள்ள சருகு நொறுங்காது. வெயிலேறினால் தொட்டதும் பொடிந்து பஞ்சோடு ஒட்டும். கறைபட்ட கொட்டுப் பருத்தியைத் தனிப் பையில் போடுங்கள். ஒரு வருடம் எங்கள் வீட்டில் கடைசி எடுப்பையும் முதல் எடுப்பையும் ஒன்றாகத் தாட்டில் திணித்துவிட்டோம். ஏலத்தில் கையை விட்டுப் பார்த்த வியாபாரி பழுப்புக் காயைத்தான் முதலில் எடுத்தார். அத்தனை தாட்டும் அந்த விலைக்கே போனது.

யூரியா சாக்கில் பருத்தி பிடிக்கவே கூடாது. அந்தப் பிளாஸ்டிக் நார் பஞ்சில் கலந்தால் துணி வரைக்கும் போய்ச் சாயம் ஏறாமல் நிற்கும்.

அரவை விகிதம் எதற்குப் பார்க்க வேண்டும்?

வியாபாரி வாங்குவது பருத்தி, விற்பது பஞ்சு. ஒரு பேல் என்பது 170 கிலோ பஞ்சு. 100 கிலோவுக்கு 34 கிலோ பஞ்சு கட்டும் பருத்தி என்றால் 5 குவிண்டால் அரைத்தால் ஒரு பேல். 30 கட்டும் பருத்தியில் அதற்கு ஏறக்குறைய 5 குவிண்டால் 67 கிலோ வேண்டும். இந்த வித்தியாசத்தை அவர் உங்கள் விலையில்தான் கழிப்பார். மீதி வரும் கொட்டை மாட்டுக்கும் எண்ணெய்க்கும் போகிறது, மதுரைத் தெருக்களில் பருத்திப்பாலாகவும் கிடைக்கிறது.

இலவம் பஞ்சும் பருத்தி வகையா?

இல்லை. அது மரம், பஞ்சு காயின் உட்சுவரிலிருந்து வருகிறது. இழையில் முறுக்கு கிடையாது, அதனால் நூற்க வராது. தலையணைக்கு நல்லது.

விதையை நானே எடுத்து வைக்கலாமா?

ரகமாக இருந்தால் தாராளமாக. அதே இனத்து வேறு பருத்தி 30 மீட்டருக்குள் இல்லாத இடமாகப் பாருங்கள். முதல் எடுப்பையும் கடைசி எடுப்பையும் விட்டுவிட்டு, நடு எடுப்பில், செடியின் நடுப்பகுதியில் நன்றாக வெடித்த காய்களை மட்டும் தனியாக எடுங்கள். காயவைத்துத் தனியாக அரைத்து வாங்குங்கள். மில்லில் மற்றவர் விதை கலந்துவிடாமல் பக்கத்தில் நில்லுங்கள்.

விதைப்புக்கு முன் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசை நீக்க, ஒரு கிலோ விதைக்கு 100 மி.லி. அடர் கந்தக அமிலம் ஊற்றி, காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை குச்சியால் கிளறி, ஐந்தாறு தடவை தண்ணீரில் கழுவச் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் வாளியில் செய்யுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். மிதக்கும் விதை பொக்கு, கொட்டிவிடலாம். அமிலம் வேண்டாம் என்றால் எங்கள் ஆச்சி செய்த மாதிரி செய்யலாம்: சாணியையும் செம்மண்ணையும் கூழாகக் கரைத்து, விதையை அதில் புரட்டி, கயிற்றுக் கட்டில் பின்னலில் வைத்துத் தேய்த்தால் ஒவ்வொரு விதையும் தனித்தனியாக உருண்டு கீழே விழும். நிழலில் உலர்த்தி மறுநாள் விதைக்கலாம்.